மெஸ் வாளியும் பிளாஸ்டிக் சாலையும்

மதுரை திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2002-இல் அந்த வளாகத்துக்குள் ஒரு சின்னத் தார்ச்சாலை போட்டார்கள். நீளம் என்று பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் குப்பைக்குப் போகவேண்டிய பிளாஸ்டிக் பைகள் கலந்திருந்தன. போட வைத்தவர் சாலைப் பொறியாளர்கூட இல்லை, வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2018-இல், அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தச் சாலையைப் பற்றிப் பேச ஒரு காரணம் வாய்த்தது. என் தம்பி மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் பசுமைத் தொழில்முனைவுப் போட்டி வைத்திருக்கிறார்களாம். “பெரியப்பா, நல்ல ஐடியா ஒன்று சொல்லுங்க” என்று வந்தாள். அவள் குழுவிடம் ஏற்கெனவே ஓர் ஐடியா இருந்தது: பின்பக்கம் விதை வைத்த காகிதப் பேனா. எழுதி முடித்ததும் மண்ணில் நட்டால் செடி முளைக்கும்.

“யாரும்மா வாங்குவாங்க?”

“எல்லாரும் வாங்குவாங்க பெரியப்பா. சுற்றுச்சூழல் இல்லையா?”

எல்லாரும் வாங்குவார்கள் என்று ஒருவர் சொன்னால் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதை அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு டீ போடச் சொல்லிவிட்டு மதுரைச் சாலையிலிருந்து ஆரம்பித்தேன்.

தார்ச்சாலை ஏன் குழிவிழுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாலையின் உடம்பு ஜல்லி. தார் அந்த ஜல்லிகளை ஒட்டிவைக்கும் பசை மட்டுமே. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் தார் இருக்கும். சிக்கல் என்னவென்றால், கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். மழைநீர் விரிசல் வழியாக இறங்கி, கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து, தாரை உரித்துவிடுகிறது. மேலே லாரி போகப்போக உரிந்த கல் பெயர்ந்து வெளியே வருகிறது. நம் ஊரில் ஐப்பசி முடிந்ததும் சாலை பல்லிளிப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்கலாம் என்ற யோசனை உலகத்தில் முன்பே இருந்தது. கொதிக்கும் தாரில் பிளாஸ்டிக்கைப் போட்டுக் கலக்குவது அந்த முறை. அதில் கொஞ்சம் அளவுக்கு மேல் கலக்க முடியாது. கலந்தாலும் நின்றால் பிரிந்துவிடும், தனி இயந்திரமும் வேண்டும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்ப்பதை விட்டு, முதலில் கல்லோடு சேர்த்தார். ஜல்லியை 160, 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதன் மேல் சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அரை நிமிடத்தில் அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோலாகப் போர்த்திவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் பாகு கடலையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அதற்குப் பிறகு தாரை ஊற்றிக் கலக்கினால், தார் ஒட்டுவது கல்லின் மேல் இல்லை, பிளாஸ்டிக் தோலின் மேல். இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. கல்லின் நுண்துளைகள் அடைபட்டுவிடுவதால் தண்ணீர் புக வழி குறைகிறது.

“பிளாஸ்டிக்கை எரிச்சா விஷப்புகை வருமே?” என்றாள்.

நல்ல கேள்வி. இங்கே எரிப்பதே இல்லை, இளக்குவதுதான். கேரி பேக், டீ கப், பொட்டலத் தாள், தெர்மோகோல் ஆகியவையெல்லாம் 110 முதல் 140 டிகிரிக்குள் இளகிவிடும். அவை சிதைந்து வாயு விடுவதற்கு இன்னும் நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஜல்லியின் சூடு உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு வகையை உள்ளே விடக் கூடாது. அது பி.வி.சி. அதில் குளோரின் உண்டு, சூடானால் அமில வாயு வரும். எனவே வேதியியல் எவ்வளவு சரியாக இருந்தாலும், கடைசியில் எல்லாம் குப்பையைத் தரம் பிரிக்கிறவர் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த முறை ஊரெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பத்திரிகைகளில் அது அவ்வளவாக வருவதில்லை. ஒப்பந்ததாரர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் அது. ஜல்லியைச் சூடாக்கும் ஹாட் மிக்ஸ் இயந்திரம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சூடான ஜல்லி தார் விழும் இடத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆள் நின்று நறுக்கின பிளாஸ்டிக்கைத் தூவினால் போதும். 3.75 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர் போடுவதற்குச் சுமார் 10 டன் தார் ஆகிற இடத்தில், ஒரு டன் தாரைக் குறைத்து ஒரு டன் பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்பது வழக்கமான கணக்கு. தார் விலை என்ன, குப்பை பிளாஸ்டிக் விலை என்ன என்று பார்த்தால் ஒப்பந்ததாரர் ஏன் தலையாட்டினார் என்று புரியும். அவர் பூமித்தாய்க்காகத் தலையாட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு காரணம் கல்லூரியின் காம்பவுண்டுச் சுவர். ஒரு வேதியியல் வாத்தியார் நெடுஞ்சாலைத் துறையிடம் போய், “உங்கள் சாலையில் குப்பையைக் கலக்க அனுமதியுங்கள்” என்று கேட்டிருந்தால் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கியிருக்கும்? கல்லூரிக்குள் சாலை கல்லூரியுடையது. நிர்வாகம் சரி என்றால் சரி. போட்ட சாலை தினமும் கண்ணெதிரே இருக்கிறது. பேருந்து போகிறது, மழை பெய்கிறது, விரிசல் விட்டால் மாலையே தெரிந்துவிடும். ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சாலை, சமையலறை, கழிவுநீர், மின் இணைப்பு, குப்பை எல்லாம் உண்டு. இத்தனைக்கும் ஒரே நிர்வாகம். வெளியே எந்த ஊரிலும் இந்த வசதி கிடைக்காது. பசுமைத் தொழிலுக்கு வளாகம் தரக்கூடிய உண்மையான முதலீடு இதுதான் என்பேன். போட்டிகளும் பரிசுக் காசோலையும் இதற்குப் பிறகுதான்.

வளாகத்துக்கு வெளியே, சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் அதே 2002-இல் போட்ட பிளாஸ்டிக் சாலையைப் பல ஆண்டுகள் கழித்தும் உதாரணமாகக் காட்டினார்கள். தமிழ்நாட்டு ஊரகச் சாலைகளுக்கும் இந்த முறை போனது. 2013-இல் இந்தியச் சாலைப் பேரவை நெறிமுறை வெளியிட்டது. 2015 நவம்பரில் மத்திய அரசு, ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் சாலை போடுகிறவர்கள் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. கல்லூரிக்கு 2006-இலேயே காப்புரிமை கிடைத்திருந்தது. வாசுதேவன் அதை வைத்துக் கம்பெனி தொடங்கவில்லை, அரசுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

“அப்ப இதில தொழில்முனைவு எங்கே பெரியப்பா? அவர்தான் பணமே பண்ணலையே.”

நான் காத்திருந்த கேள்வி. டீயை ஒரு வாய் குடித்துக்கொண்டேன்.

ஒரு டன் பிளாஸ்டிக் என்று சுலபமாகச் சொல்லிவிட்டோம். ஒரு மெல்லிய கேரி பேக் ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு இரண்டு லட்சம் பை. அதை யார் பொறுக்குவது? குப்பை சேகரிப்பவர் தண்ணீர் பாட்டிலை எடுப்பார், பால் கவரை எடுப்பார், காயலான் கடையில் அதற்கு விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டைக் குனிந்து எடுக்க மாட்டார். நாள் முழுக்கக் குனிந்தாலும் கிலோ தேறாது, தேறினாலும் வாங்க ஆளில்லை. ஆகவே பொறுக்கி, பி.வி.சி.யைத் தள்ளி, மண்ணும் சாம்பாரும் போகத் தட்டி, நறுக்கி, மூட்டை கட்டி, ஹாட் மிக்ஸ் இயந்திரம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒருவர் நடுவில் வேண்டும். சோதனைக்கூடத்துக்கும் சாலைக்கும் இடையிலான தொழில் அங்கேதான் இருந்தது. தமிழ்நாட்டில் பல இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நறுக்கும் இயந்திரம் வைத்து அந்த வேலையைச் செய்தன. பரிசு மேடையில் அவர்களை நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் கதை தலைகீழாக நடந்தது. அகமது கான், ரசூல் கான் சகோதரர்கள் பிளாஸ்டிக் பை தயாரித்து வந்தவர்கள். பிளாஸ்டிக்குக்கு எதிர்ப்பு வலுத்தபோது தங்கள் சரக்கே குப்பையாவதைப் பார்த்து, அதைச் சாலைக்குப் பயன்படுத்தும் வழியைத் தேடினார்கள். அங்குள்ள ஆர்.வி. பொறியியல் கல்லூரியிலும் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலும் சோதித்துப் பார்த்து, மாநகராட்சிச் சாலைகளுக்குக் கொடுத்தார்கள். பொறுக்குகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைத்ததைவிட நல்ல விலை கொடுத்துப் பைகளை வாங்கினார்கள். மதுரையில் அறிவு வளாகத்திலிருந்து வெளியே போனது. பெங்களூரில் வியாபாரி தன் கேள்வியோடு வளாகத்துக்குள் வந்தார். நம் மாணவர்களுக்கு இரண்டாவது வழி சொல்லித்தரப்படுவதே இல்லை. சுற்றுவட்டாரத்துத் தொழில்காரர்களின் குப்பை என்ன, தலைவலி என்ன என்று கேட்டு வந்தால் பத்துப் போட்டிகளுக்கு ஐடியா கிடைக்கும்.

இந்தச் சாலை முழுத் தீர்வு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சாலை தேயும். தேயும்போது அந்தப் பிளாஸ்டிக் தோல் நுண்துகளாக மழைநீரில் போகுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பது நியாயம். இன்னொரு கவலையும் உண்டு: “எதையும் சாலையில் போட்டுக்கொள்ளலாம்” என்று ஆகிவிட்டால் பொட்டலம் தயாரிக்கிற கம்பெனிக்குக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்காது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. கேரி பேக் அதில் வந்தது, உற்பத்தியாளர் பொருளை அடைத்து விற்கும் பாக்கெட்டுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது கல்லூரிக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்தப் பாக்கெட்டுகள்தான்.

அவள் கல்லூரியையே வைத்துக் கணக்குப் போட்டோம். மூவாயிரம் மாணவர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட், ஒன்று நான்கு கிராம். நாளைக்கு 24 கிலோ. நாற்பத்திரண்டு நாளில் ஒரு டன், அதாவது ஒரு கிலோமீட்டர் ஒற்றைச் சாலைக்கான பிளாஸ்டிக். கேட்க நன்றாக இருந்தது. விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்டாள். நறுக்கிய பிளாஸ்டிக்குக் கிலோவுக்கு ஒப்பந்ததாரர் என்ன தருவார் என்பதை அவளே ஒரு ஹாட் மிக்ஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னேன். இருபது ரூபாய் கிடைத்தாலும் நாளைக்கு 480 ரூபாய். இரண்டு பேர் கூலிக்குக் காணாது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

சுருங்க வேண்டாம். பசுமைத் தொழிலில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. குப்பையிலிருந்து வருகிற பொருளை விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். பொருளின் விலையில் தொழில் நிற்பது அபூர்வம். குப்பை வைத்திருப்பவரின் தொல்லையை எடுத்துக்கொள்வதற்கு வாங்குகிற கூலியில்தான் நிற்கும். இதற்கு ஹாஸ்டல் மெஸ்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதி. தலைக்கு நூறு கிராம் வீணானால் நாளைக்கு நூறு கிலோ: தட்டில் மிஞ்சின சோறு, காய்கறித் தோல், ஊசிப்போன குழம்பு. சாண எரிவாயுக் கலன் போல ஒன்று கட்டி இதை உள்ளே விட்டால், நூறு கிலோவுக்குச் சுமார் பத்து கன மீட்டர் வாயு வரும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக நாளைக்கு நாலரை கிலோ. ஹோட்டல்காரர்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 425 ரூபாய் மிச்சம். இங்கேயும் ஓர் ஆள் கூலிகூடத் தேறவில்லை. திட்ட அறிக்கையில் மட்டும் “மெஸ் இனி சிலிண்டர் வாங்காது” என்று எழுதியிருப்பார்கள். ஆயிரம் பேருக்கு மூன்று வேளை சமைக்க நாலரை கிலோ வாயு எந்த மூலைக்கு?

ஆனால் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளைக்குச் சராசரியாக நூறு கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் கல்லூரி, விடுதி, ஹோட்டல் எல்லாவற்றையும் மொத்தக் கழிவு உண்டாக்குபவர் என்று வகைப்படுத்தின. குப்பையைத் தரம் பிரிப்பதும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே கையாள்வதும் அவர்கள் பொறுப்பு. நம்முடைய ஆயிரம் பேர் விடுதி சரியாக அந்த வாசலில் நிற்கிறது. எனவே நிர்வாகத்துக்குத் தேவை வாயு இல்லை, “இது எங்கள் தலைவலி, நீங்கள் விடுங்கள்” என்று சொல்லும் ஆள். மாதக் கட்டணம் பேசிக்கொண்டு கலனைப் பார்த்துக்கொள்கிற குழுவுக்கு அங்கே பிழைப்பு இருக்கிறது. வாயுவும் உரக்கூழும் அதற்கு மேல் வருகிற வரவு.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வளாகங்களில் இந்தக் கலன் துருப்பிடித்துக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். கலனுக்குள் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒன்று சோற்றை உடைத்து அமிலமாக்கும். வேகமான கூட்டம். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். மெதுவான கூட்டம், காரியக்காரக் கூட்டம், கோபக்காரக் கூட்டமும்கூட. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மிச்சம் ஏராளம், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் முதல் கூட்டம் அமிலத்தைக் குவித்துவிடும், இரண்டாம் கூட்டம் சமாளிக்க முடியாமல் நின்றுவிடும். கலன் புளித்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அமிலத்தன்மை கெட்டுப்போய், வாயு நின்று, நாற்றம் மட்டும் வரும். தீனியை நிறுத்தி, சுண்ணாம்பும் சாணமும் விட்டு, பொறுமையாகத் தேற்ற வேண்டும். எலும்பும் முட்டை ஓடும் அடியில் தங்கி இடத்தை அடைக்கும். எலுமிச்சைத் தோல் நுண்ணுயிருக்கு ஆகாது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் ஆகாது.

இத்தனைக்கும் மேல் செமஸ்டர் விடுமுறை. மே மாதம் விடுதி காலி. பசியோடு சில வாரம் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்கும். ஜூனில் பிள்ளைகள் திரும்பி வந்த அன்றே நூறு கிலோவையும் திணித்தால் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். திட்டத்தைத் தொடங்கிய மாணவர்கள் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்கும், சாணம் கரைக்கத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். கலனுக்கு ஆன செலவில் பாதியை ஒரு நிரந்தர ஆளின் சம்பளத்துக்கு ஒதுக்காத எந்த வளாகத்திலும் இது மூன்றாண்டு தாண்டுவதை நான் நம்ப மாட்டேன்.

“நீங்க சொல்றதெல்லாம் குப்பையாவே இருக்கு பெரியப்பா. ஏதர் மாதிரி ஏதாவது?”

வந்துவிட்டாள் ஏதருக்கு. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-இல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் நிறுவனம் அது. முதலில் மின்கலம் மட்டும் செய்வதாகத்தான் எண்ணம். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர்களின் தரத்தைப் பார்த்துவிட்டு வண்டியையே செய்யத் துணிந்தார்கள். வண்டியை 2016-இல் காட்டினார்கள், 2018-இல்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. ஓசூரில் தொழிற்சாலை, 2025-இல் பங்குச்சந்தை. வளாகம் அவர்களுக்கு ஆரம்ப இடத்தையும் ஆரம்பப் பணத்தையும் பழைய மாணவர்களின் தொடர்பையும் தந்தது. தொடங்கியதிலிருந்து முதல் வண்டி விற்கும் வரை ஐந்தாண்டு, அதுவரை வரவில்லாமல் தாங்குகிற முதலீடு. ஆறு மாதத்தில் புராஜெக்ட் முடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இதை மட்டுமே முன்மாதிரியாகக் காட்டுவது அநியாயம்.

அதே ஐஐடியில் பேராசிரியர் தி. பிரதீப் குழுவின் ‘அம்ரித்’ எனக்கு இன்னும் சுவாரசியமாகத் தெரிகிறது. வங்காளத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. நிறமில்லை, சுவையில்லை, ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல் நோயும் புற்றுநோயும் வரும். குடிநீரில் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிரதீப் குழு, இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு இரும்பு ஆக்சைடு-ஹைட்ராக்சைடு நுண்துகளைச் சேர்த்து, ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும் பொருளைச் செய்தது. உலையில் வேகவைக்க வேண்டியதில்லை, சாதாரண வெப்பநிலையில் தண்ணீரிலேயே தயாராகும். லிட்டருக்குச் சில காசுதான் செலவு. ஆனால் சென்னை வளாகத்தில் ஆர்சனிக் தண்ணீர் ஏது? காம்பவுண்டுக்குள் சோதித்துக்கொள்ளும் வசதி இதற்கு இல்லை, வங்காளத்துக் கிராமத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். குடிக்கிறவரால் பெரிதாகக் காசு கொடுக்கவும் முடியாது. அங்கே வாங்குபவர் அரசு. அரசுக்கு விற்பது தனிக் கலை, கையெழுத்துக்கும் காசோலைக்கும் நடுவே எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கு வைக்கத் தெரிய வேண்டும்.

கான்பூரில் ‘பூல்’ என்ற நிறுவனம் கோயில் பூவிலிருந்து ஊதுபத்தி செய்கிறது. 2017-இல் தொடங்கியது, அங்குள்ள ஐஐடியின் தொழில் வளர்ப்பு மையத்தில் வளர்ந்தது. எனக்கு அதில் பிடித்தது, கோயில் வாசலில் பூ ஏற்கெனவே தனியாகக் குவிந்திருக்கிறது என்பது. பொறுக்குகிற செலவு பாதி அங்கேயே மிச்சமாகிவிட்டது. முன்னால் கங்கையில் கொட்டிய பூ அது, எடுத்துக்கொண்டு போனால் கோயிலுக்கும் நிம்மதி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், “எங்க காலேஜ்ல கிரீன் ஆடிட்டே முடிஞ்சு சர்டிஃபிகேட் மாட்டியிருக்காங்களே” என்றாள். மாட்டியிருப்பார்கள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் நிறுவன விழுமியங்கள் என்ற ஏழாவது பிரிவில் பசுமைத் தணிக்கைக்கும் ஆற்றல் தணிக்கைக்கும் இடம் உண்டு. அதனால் மதிப்பீட்டுக் குழு வருகிற ஆண்டில் வளாகம் சட்டென்று பசுமையாகும்: மரக்கன்று, பதாகை, படம். அதைக் கேலி பேசி விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தத் தணிக்கை அறிக்கையில் கல்லூரியின் மின்கட்டணம், தண்ணீர் லாரி எண்ணிக்கை, குப்பை எடை எல்லாம் ஏதோ ஓர் அட்டவணையில் இருக்கும், அரைகுறையாகவாவது. தொழில் தேடுகிற மாணவருக்கு அது பொக்கிஷம். அதைப் படித்துப் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நூலகத்திலோ முதல்வர் அறையிலோ கேட்டால் கிடைக்கும் என்றேன்.

சோலார் பற்றியும் கேட்டாள். சுருக்கமாக முடித்துக்கொண்டேன். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும், நூறு சதுர அடி மொட்டைமாடி வேண்டும். வெளிக் கம்பெனியே தன் செலவில் போட்டுவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நல்ல விஷயம், கல்லூரி செய்யட்டும். மாணவர் தொழிலுக்கு அதில் இடம் குறைவு, தகடு துடைக்கிற வேலையைத் தவிர. அதுகூடச் சிரிக்கிற விஷயமில்லை. தூசி படிந்தால் உற்பத்தி குறையும், எவ்வளவு தண்ணீரில் எத்தனை நாளுக்கொரு முறை துடைப்பது என்பது தண்ணீர்ப் பஞ்ச ஊரில் காசாகக்கூடிய கேள்வி.

விதைப் பேனாவை அவள் கைவிட்டாளா என்று கேட்காதீர்கள், கைவிடவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், மெஸ்ஸில் ஒரு வாரம் எடை போடுகிறோம் என்றாள். சைவ நாள், அசைவ நாள், பரீட்சை நாள், வெள்ளிக்கிழமை மதியம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்ட நாள் எல்லாம் அதில் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “பெரியப்பா, ஒரு சிக்கல். மிச்சச் சோறு எங்களுக்குக் கிடைக்காது போல. தினம் ராத்திரி எட்டரைக்கு ஒருத்தர் டிவிஎஸ் ஃபிஃப்டில ரெண்டு டிரம் கட்டிக்கிட்டு வந்து எடுத்துட்டுப் போயிடறார். பன்னி வளர்க்கிறாராம். மெஸ் கான்ட்ராக்டருக்கு மாசம் பணம் வேற தர்றார்.”

பல விடுதிகளில் இப்படித்தான். கல்லூரிக்குக் குப்பையாகத் தெரிகிறது, அவருக்கு அது தீவனம். அவரை நிறுத்திவிட்டுக் கலன் கட்டினால், கான்ட்ராக்டர் வரவை இழப்பார், பன்றி வளர்ப்பவர் காசு கொடுத்துத் தவிடு வாங்குவார், கல்லூரி நாளைக்கு 425 ரூபாய் வாயு பார்க்கும்.

“அவர்கிட்ட பேசினியா?”

“பேசலை. நாளைக்குப் பேசறேன். என்ன கேட்கட்டும்?”

எந்தக் கிழமை எத்தனை டிரம், என்னவெல்லாம் அவர் எடுக்காமல் விட்டுப்போகிறார், விடுமுறையில் தீவனத்துக்கு என்ன செய்கிறார், மாதம் எவ்வளவு தருகிறார். இந்த நாலையும் கேள் என்றேன். அவர் விட்டுவிட்டுப் போகிற காய்கறித் தோலும் டீத்தூளும் தேங்காய் நாரும் எத்தனை கிலோ என்று தெரிந்தால், அதற்குக் கலனா உரக்குழியா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடலாம்.